கண்ணுக்கு வைக்கிறதோ, கலியாண வீட்டிலை காட்டுறதோ?

மருமோன், கற்றராக் ஒப்பரேசனுக்கு ஆக நல்ல லென்ஸ் எது எண்டு என்னட்டைக் கேட்டிருக்கிறாய். சந்தோசம். நான் நீர்வேலியிலை வாழைக்குத் தண்ணி கட்டினவன். கண் வைத்தியம் படிச்சவனில்லை. ஆனாலும் டொக்டரிட்டைக் கேக்க வேண்டியதை நீ என்னட்டைக் கேக்கிறாய், டொக்டருக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லுறாய். அப்ப எனக்கும் கதைக்க உரிமை இருக்குத்தானே. இரு, சொல்லுறன்.

ஆக நல்ல லென்ஸ் ஆக விலை கூடினதுதான். இதிலை என்ன சந்தேகம்? உனக்கு அந்தக் கிளினிக்கிலை பளபளவெண்டு ஒரு புத்தகம் தந்தவையெல்லே, அதிலை தலை நரைச்ச ஒரு வெள்ளைக்காரச் சோடி பாய்மரப் படகிலை நிண்டு சிரிக்குது. மூக்கிலை கண்ணாடி இல்லை, முகத்திலை கவலை இல்லை, வயித்திலை வண்டியும் இல்லை. லென்ஸ் வைச்சால் உதெல்லாம் சேந்து வரும் எண்டு நீ நினைச்சால் நான் ஏன் குறுக்கை நிப்பான்? வாங்கு. படகுக்கு வேறை பில் வரும், அதையும் கட்டு.

சரி, பகிடியை விட்டிட்டு விசயத்துக்கு வாறன். இந்த ஜேர்மனியிலை வருசத்துக்கு 8 லட்சத்துக்கு மேலை கற்றராக் ஒப்பரேசன் நடக்குது. அதிலை கனபேர் கிராங்கன்காசை எண்ட மருத்துவக் காப்புறுதி (சுருக்கமாய்க் 'காசை') காசு குடுக்கிற சாதாரண லென்ஸைத்தான் வைக்கினம். சாதாரணம் எண்டவுடனை உன்ரை முகம் சுருங்குது, எனக்குத் தெரியுது. அது பழசு தட்டின சாமான் இல்லை. சின்ன வெட்டுக்குள்ளாலை மடிச்சு விட்டால் உள்ளை போய் விரியிற லென்ஸ். ஒரு தூரத்துக்குத் தெளிவாய்க் காட்டும். மற்றத் தூரத்துக்கு நீ கண்ணாடி போடவேணும். அதிலை இருக்கிற ஒரே குறை அதுதான்.

அதுக்கு மேலை ஆசை இருந்தால் சட்டமும் உனக்கு வசதி. 2012 இலையிருந்து, விசேச லென்ஸ் கேட்டாலும் சாதாரண லென்ஸுக்குரிய பங்கைக் காசை குடுக்கும். மிச்சத்தை மட்டும் நீ போடவேணும். அந்த மிச்சம் இடத்துக்கிடம் வேறை. மூண்டு தூரமும் காட்டுற லென்ஸ் எண்டால் ஒரு கண்ணுக்கு 1,000 ஒயிரோ தாண்டுறது புதினமில்லை. லென்ஸின்ரை விலையோடை நிக்காது, அதுக்கெண்டு எடுக்கிற மேலதிக அளவுக்கும் பரிசோதனைக்கும் பில் வரும்.

இந்த நாட்டுப் பகிடி ஒண்டைக் கேள். 2004 இலையிருந்து பெரியாக்களின்ரை கண்ணாடிக்குக் காசை காசு குடுக்கிறதில்லை, பார்வை படுமோசமான ஆக்களைத் தவிர. கண்ணுக்குள்ளை வைக்கிறதுக்குக் குடுப்பினம், மூக்கிலை வைக்கிறதுக்குக் குடாயினம். இதைச் சொல்லித்தான் உனக்கு விலை கூடினதைக் காட்டுறாங்கள்: "இனி வாழ்நாளுக்கும் கண்ணாடிச் செலவு மிச்சம்" எண்டு. உனக்கு வயசு 64. வாசிக்கிற கண்ணாடி மருந்துக்கடைப் பக்கம் சில ஒயிரோவுக்குத் தொங்குது. அந்த மிச்சத்தைப் பிடிக்க நீ நூறு வயசு தாண்டவேணும். இருப்பாய், இருப்பாய், நான் சாபம் போடேல்லை. கணக்கைத்தான் சொல்லுறன்.

உனக்கு மட்டும் வந்த வருத்தமில்லை இது. 1980களிலை கிழக்கு பேர்ளின் ஷோனபெல்ட் விமான நிலையத்திலை வந்து இறங்கி, ரெயிலேறி மேற்குப் பக்கம் வந்த பெடியள் எல்லாருக்கும் இப்ப தலை வெளுத்துக் கண்ணும் வெளுத்துப்போச்சு. ஹம் ஊர்க் காமாட்சி அம்மன் கோவில் தேருக்குப் போய்ப் பார். 2002 இலை கோவில் திறந்த காலம் முன்னுக்கு நிண்டு தேர்க்கயிறு பிடிச்சவை இப்ப ஓரமாய் நிண்டு, "அது ஆர், நம்மடை குஞ்சுவோ?" எண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேக்கினம். முந்தி அந்த ஓரத்திலை நிண்டு ஆர் என்ன கார் வாங்கினது எண்டு கதைச்சவை, இப்ப ஆர் என்ன லென்ஸ் வைச்சது எண்டு கதைக்கினம். கார் எண்டாலும் வெளியிலை தெரியும். லென்ஸை வாயாலை சொன்னாத்தான் தெரியும் எண்டபடியாலை சத்தம் கொஞ்சம் கூட.

இனி லென்ஸிலை என்னென்ன சாதி எண்டு பாப்பம். ஒரு தூரத்துக்கு மட்டும் காட்டுறது ஒண்டு. தூரம், நடு, கிட்ட எண்டு மூண்டுக்கும் காட்டுறதைத் திரிஃபோகால் எண்டு சொல்லுவினம். இரண்டுக்கும் இடையிலை ஈடொஃப் எண்டு இன்னொண்டு. தூரமும் தெரியும், கொம்பியூட்டரும் தெரியும், மருந்துப் போத்தில் எழுத்துக்குக் கண்ணாடி தேடவேணும். கண்ணின்ரை முன்படலம் ஒரு பக்கத்தாலை கூட வளைஞ்ச ஆக்களுக்குத் தோரிஷ் லென்ஸ். அது ஆடம்பரமில்லை, வளைவு கூடின ஆக்களுக்கு உண்மையிலேயே உதவும். வளைவு இல்லாத ஆளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

திரிஃபோகால் வேலை செய்யிற விதத்தை உனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறன். ஒரு துலாத் தண்ணியை ஒரு பாத்திக்கு விட்டால் பாத்தி நிரம்பும். அதே தண்ணிக்கு மூண்டு வாய்க்கால் வெட்டினால் மூண்டு பாத்தியும் நனையும், ஒண்டும் நிரம்பாது. கண்ணுக்குள்ளை போற வெளிச்சமும் அப்பிடித்தான். பகலிலை வெளிச்சம் தாராளம், குறை தெரியாது. இரவிலையும் மார்கழி மூட்டத்திலையும் தெரியும். லைட்டுகளைச் சுத்தி வளையம் விழும், கறுப்புக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் மங்கும். கனபேருக்கு மாதக்கணக்கிலை மூளை பழகிப்போம். பழகாத ஆக்களும் இருக்கினம். அவையிலை சிலபேர் லென்ஸைக் கழட்டி மாத்தியிருக்கினம். வைக்கிறது போலைக் கழட்டுறது லேசில்லை.

உன்ரை சகலன் ஸ்ருட்காட்டிலை இரண்டு கண்ணுக்கும் திரிஃபோகால் வைச்சவன். அதுதானே உன்ரை வருத்தத்தின்ரை உண்மையான பேர்? ஞாயமாய்ச் சொல்லவேணும், அவனுக்கு அது நல்லாய்ப் பிடிச்சுப்போச்சு. கண்ணாடி இல்லாமல் சாப்பாட்டுக்கடை விலைப்பட்டியல் வாசிக்கிறான், கலியாண வீட்டிலை மொய்க்கவர் மேலை இருக்கிற பேரைத் தூரத்திலை நிண்டே வாசிக்கிறான். ஆனால் ஒண்டைக் கவனிச்சனியோ? இரவிலை கலியாணம் முடிய ஸ்ரியறிங் பிடிக்கிறது அவன்ரை மனிசி. "அவவுக்குக் கார் ஓட விருப்பம்" எண்டு சொல்லுறான். இருபது வருசமாய் இல்லாத விருப்பம் அவவுக்கு எங்கையிருந்து வந்தது எண்டு நீயும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. அவனுக்குக் கார் ஓட ஒரு ஆள் இருக்கு. உனக்கு ஆர் இருக்கு? உன்ரை மனிசி சைக்கிளிலையும் ஏறாது.

அதாலை லென்ஸின்ரை பேரை விட்டிட்டு உன்ரை நாளைப் பார். விடிய மூண்டு மணிக்குப் பேப்பர் போட இருட்டிலை போறாய். மாதத்திலை ஒருக்கா A2 பாதையிலை இராத்திரியிலை மகளைப் பாக்கப் பேர்ளின் போறாய், எதிரிலை லொறி லைட்டு நிரை கட்டி வரும். மிச்ச நேரம் முழுக்க ரீவிக்கு முன்னாலை. உனக்கு இருட்டிலை தெளிவு வேணும். உன்ரை நாளிலை கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்து வாசிக்கவேண்டிய நேரம் எவ்வளவு? லொத்தர் நம்பர் பாக்கிற நேரம் தவிர?

இன்னொரு சங்கதி. நீ சின்னனிலையிருந்து கிட்டப்பார்வைக்காரன். கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பஞ்சாங்கத்தை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு வாசிச்சுப் பழகின ஆள். லென்ஸைத் தூரத்துக்கு வைச்சால் றோட்டு வடிவாய்த் தெரியும்; ஆனால் ஐம்பது வருசமாய் ஓசியிலை வந்த கிட்ட வாசிப்புப் போயிடும். படுக்கையிலை புத்தகம் வாசிக்கிற கிட்டப்பார்வைக்காரர் சிலபேர் இதை முதலே யோசிச்சு, லென்ஸைக் கிட்டத்துக்கு வைச்சு, தூரத்துக்குக் கண்ணாடி போடுவினம். வேறை சிலபேர் ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றக் கண்ணைக் கிட்டத்துக்கும் வைப்பினம். அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, முதலிலை கொன்ராக்ட் லென்ஸ் போட்டுப் பரீட்சித்துப் பாக்கலாம். இதெல்லாம் காசை குடுக்கிற சாதாரண லென்ஸிலையே செய்யலாம். ஒரு சதமும் கூட இல்லை. ஆனால் நீ வாயைத் திறந்து கேக்கவேணும். கேக்காத ஆளுக்குத் தூரம்தான் வைப்பினம்.

நீ இன்னும் லென்ஸின்ரை கொம்பனிப் பேரிலைதான் நிக்கிறாய். அதுக்கு ஒரு பழைய கதை. 1940 ஆகஸ்ட் 15, இந்த ஜேர்மன்காரர் இங்கிலாந்துக்கு மேலை விமானத்திலை போய்ச் சண்டை பிடிச்ச காலம். கோர்டன் கிளீவர் எண்ட வெள்ளைக்கார விமானியின்ரை ஹரிக்கேன் விமானத்திலை குண்டு பட்டு, மூடி உடைஞ்சு, அந்தப் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்ரிக்குத் துகள் இரண்டு கண்ணிலையும் ஏறிப்போச்சு. ஹரல்ட் ரிட்லி எண்ட கண் டொக்டர் அவரையும் அவரைப்போல வேறை விமானிகளையும் பாக்கேக்கை ஒண்டைக் கவனிச்சார்: அந்தத் துகள் உள்ளை கிடந்தாலும் கண் சீழ் பிடிக்கேல்லை. பிறகு 1949 நவம்பர் 29, லண்டன் சென்ற் தோமஸ் ஆஸ்பத்திரியிலை அதே சாதிப் பிளாஸ்ரிக்கிலை செய்த லென்ஸை முதன்முதலாய் ஒரு மனிசியின்ரை கண்ணிலை வைச்சார். ஜேர்மன்காரன் சுட்ட குண்டிலை பிறந்த சாமானுக்கு இண்டைக்கு ஜேர்மன் காசை காசு கட்டுது. கடன் எப்பிடியெல்லாம் தீருது பார்.

நான் கதை சொன்னது அதுக்கில்லை. அந்த முதல் லென்ஸ் கண்ணுக்குள்ளை நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் பலம் பிழைச்சுப்போச்சு. அந்த மனிசி சுமார் 18 டயொப்டர் கிட்டப்பார்வைக்காரியாய் எழும்பினா. சாமான் திறம், அளவு பிழை. இண்டைக்கும் அதுதான் வழக்கு. எத்தினை ஆயிரம் குடுத்த லென்ஸெண்டாலும் கண்ணின்ரை நீளத்தை மில்லிமீற்றரிலை ஒரு துளி பிழையாய் அளந்தால் கண்ணாடிதான் கதி. அந்த அளவை வெளிச்சத்தாலை எடுக்கிற இயந்திரத்தைச் சைஸ் கொம்பனி 1999 இலை கொண்டுவந்தது, ஐஓஎல்மாஸ்ரர் எண்டு பேர். யேனா ஊரிலை தொடங்கின கொம்பனி, உன்ரை நாட்டுச் சாமான். கன இடத்திலை அந்த அளவுக்குத் தனிக் காசு கேப்பினம். மருமோன், நீ எங்கையாவது கைவிட்டுக் காசு குடுக்கத் துடிக்கிறாய் எண்டால், அதை அங்கை குடு. நீ கொன்ராக்ட் லென்ஸ் போடுறாய் எண்டால், அதை அளவுக்கு முதலே நாள்கணக்காய்க் கழட்டி வைக்கவேணும். எத்தினை நாள் எண்டு கேட்டு வை. அதுவும் கண்ணின்ரை வடிவை மாத்திப்போடும்.

டொக்டரை எப்பிடித் தெரிவு செய்யிறது எண்டும் கேட்டனி. விளம்பரம் பாத்துப் போறாய் எண்டால் லைப்சிக் ஊர்க் கதையை ஒருக்காக் கேள். 1750 இலை ஜோன் ரெய்லர் எண்டு ஒரு ஆங்கிலேயக் கண் வைத்தியன் ஊர் ஊராய்ப் போவான், வண்டியிலை கண் படம் கீறி வைச்சிருப்பான், சந்தையிலை நிண்டு பிரசங்கம் பண்ணுவான். கட்டு அவிழ்க்கிற நாளுக்கு முதலே அடுத்த ஊருக்குப் போயிடுவான். அவன்தான் யொகான் செபஸ்ரியான் பாஹ் எண்ட பெரிய சங்கீதக்காரனின்ரை கண்ணிலை இரண்டு தரம் கை வைச்சவன். பாஹுக்குப் பார்வை வரேல்லை. அதே வருசம் யூலை 28 ஆம் தேதி ஆள் போய்ச் சேந்திட்டார். ஹாலையிலை பிறந்த ஹெண்டல் எண்ட சங்கீதக்காரனின்ரை கண்ணிலையும் பிறகு அவன் கை வைச்சவன், அங்கையும் பார்வை வரேல்லை. ரெய்லர் இண்டைக்கு இருந்தால் வண்டிக்குப் பதிலாய் இன்ஸ்ராகிராம் வைச்சிருப்பான். நீ கேக்கவேண்டிய கேள்வி ஒண்டுதான்: ஒப்பரேசனுக்கு அடுத்த நாளும் அடுத்த மாதமும் என்ரை கண்ணைப் பாக்கிற ஆள் ஆர்?

மதுரைக்குப் போய்ச் செய்வமோ எண்டும் ஒருக்காச் சொன்னனி. ஊர் நல்ல ஊர்தான். அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரர் 1992 இலை ஒறோலாப் எண்டு அங்கை தொடங்கி, வெளிநாட்டுக்காரன் 100 டொலருக்கு வித்த லென்ஸை 10 டொலர் அளவிலை செய்து காட்டினவை. விலையைப் பாத்துத் தரம் சொல்லுறவன் வாயை மூடவேண்டிய இடம் அது. ஆனால் கண்ணை மதுரையிலை வெட்டிப்போட்டு, அடுத்த கிழமை கண் சிவந்தால் டோட்மூண்டிலை ஆரிட்டைப் போவாய்? அங்கை இருந்து ஆறிப்போட்டு வாறதெண்டால் போ. ரிக்கற் மலிவு எண்டு நாலு நாளிலை ஓடி வாறதெண்டால் வேண்டாம்.

இப்ப நீ டொக்டருக்கு மறைக்கிற விசயத்துக்கு வாறன். இரவிலை எழும்பி எழும்பிப் போறதுக்கு ஒரு குளிசை போடுறியெல்லே, தம்சுலோசின்? அதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் எண்டு நீ கேப்பாய். சம்பந்தம் இருக்கு. அந்தக் குளிசை கண்ணின்ரை கறுவிழித் திரையைத் தளரப் பண்ணும். ஒப்பரேசன் நேரம் அது அலைஞ்சு கொண்டு குறுக்கை வரும். 2005 இலையே அமெரிக்க டொக்டர்மார் எழுதிப் போட்டினம். முதலே தெரிஞ்சால் டொக்டர் அதுக்கு ஆயத்தமாய் இருப்பார், ஆபத்துக் குறையும். வெக்கப்பட்டு மறைச்சால் கூடும். நீயாய் நிப்பாட்டவும் வேண்டாம், நிப்பாட்டினாலும் அதின்ரை குணம் கண்ணிலை நிக்கும். கீழை ஓடுறதைச் சொல்ல வெக்கப்பட்டு மேலை பாக்கிறதைக் கெடுக்கிறவனை நான் உன்னிலைதான் காணுறன்.

சீனி வருத்தத்தையும் மறைக்காதை. நம்மடை ஆக்களுக்குச் சீனி இல்லாத வீடு எங்கை? கண்ணின்ரை பின்படலத்தைச் சீனி அரிச்சிருந்தால், கண் அழுத்த வருத்தம் நரம்பைத் திண்டிருந்தால், வெளிச்சத்தைப் பிரிக்கிற லென்ஸ் வேண்டாம் எண்டுதான் நல்ல டொக்டர்மார் சொல்லுவினம். இருக்கிற கொஞ்சப் பார்வையையும் அது பங்கு போட்டுடும். பின்படலத்தைப் படம் பிடிச்சுப் பாக்காமல் ஆரும் திரிஃபோகால் விக்க வந்தால், கோப்பிக்கு நன்றி சொல்லிப்போட்டு எழும்பி வா.

மற்றது உந்த மேலதிகச் செலவுப் பட்டியல். ஃபெம்ரோ லேசராலை வெட்டினால் திறம் எண்டு சொல்லுவினம்; அதுக்குத் தனிக் காசு. பிரான்சிலை ஐஞ்சு பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலை இரண்டு விதமும் செய்து பாத்து 2020 இலை வெளியிட்ட ஆய்விலை, லேசர் மேலெண்டு வரேல்லை, செலவுதான் கூட வந்தது. நீல வெளிச்சத்தைத் தடுக்கிற மஞ்சள் லென்ஸ் பின்படலத்தைக் காப்பாத்தும் எண்டுவினம். 2018 இலை கொக்ரேன் எண்ட மருத்துவ ஆய்வுக் குழு ஆக்கள் எல்லா ஆய்வையும் கூட்டிப் பாத்திட்டு, அதுக்கு ஆதாரம் இல்லை எண்டு எழுதினவை. மஞ்சளெண்டால் கோவிலிலை வாங்கு, சும்மா குடுப்பினம்.

இரண்டு கண்ணையும் ஒரே நாளிலை செய்ய அவசரப்படாதை. இஞ்சை வழக்கமாய் ஒண்டைச் செய்து இடைவெளி விட்டுத்தான் மற்றதைச் செய்வினம். அந்த இடைவெளியிலை ஒரு இரவு றோட்டோரம் போய் நிண்டு லைட்டைப் பார், பேப்பர் எழுத்தைப் பார். சரியில்லாததை இரண்டாம் கண்ணுக்கு முதல் சொல்லு. வருசங்கள் கழிச்சுத் திரும்ப மங்கினால் லென்ஸ் பழுது எண்டு சண்டைக்குப் போகாதை. அது லென்ஸுக்குப் பின்னாலை இருக்கிற தோல் மங்கிறது, லேசராலை சில நிமிசத்திலை துளை போட்டு விடுவினம், காசையே குடுக்கும். லென்ஸின்ரை பலமும் நம்பரும் எழுதின அட்டை தருவினம், அதைப் பாஸ்போட்டோடை வை.

கடைசியாய்க் கையெழுத்து. காசு கட்டுற எந்த மேலதிகத்துக்கும் முதலே எழுத்திலை விலை தரவேணும். நீ விசேச லென்ஸ் எடுக்காட்டி காசை ஒப்பரேசன் செய்யமாட்டம் எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. வீட்டை கொண்டுபோய் யோசிக்கிறன் எண்டு சொல்ல உனக்கு உரிமை இருக்கு, வேறை டொக்டரிட்டைக் கேக்கவும் உரிமை இருக்கு. வாங்கிறவன்ரை கண் மங்கின நேரம் பாத்து ஒப்பந்தத்தை நீட்டுற வியாபாரம் உலகத்திலை வேறை இல்லை, மருமோன். அதாலை அந்தக் கடதாசியை மகளிட்டைக் குடு. இஞ்சை பிறந்தவள், டொச் எழுத்தை உன்னைப்போலத் தட்டித் தடவி வாசிக்கமாட்டாள்.

வாசிச்சு முடிய அவள் கேப்பாள்: "அப்பா, கண்ணாடி இல்லாமல் உங்களுக்கு எதைப் பாக்கவேணும்?" அதுக்கு மறுமொழியை இப்பவே யோசிச்சு வை, டொக்டரும் அதைத்தான் கேப்பார். றோட்டைப் பாக்கவேணும் எண்டு சொல்லு, பேப்பர் பாக்கவேணும் எண்டு சொல்லு, பேரப்பிள்ளை மடியிலை இருக்கேக்கை அதின்ரை முகத்தைப் பாக்கவேணும் எண்டு சொல்லு. எல்லாத்துக்கும் அளந்து வைக்க லென்ஸ் இருக்கு. சகலன்ரை முகம் கறுக்கிறதைப் பாக்கவேணும் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. அந்தத் தூரத்துக்கு இன்னும் ஒருத்தரும் லென்ஸ் செய்யேல்லை.